வீடு முழுக்க ஏ.சி வேண்டாம், வேளைக்கு ஒரு ரூம் போதும்! வில்லியனூர், பாகூர் வீடுகளுக்கு ஒரு 'ஸோன்' கணக்கு

ஃபாரின் ஹோம் டூர் வீடியோக்களில் கவனிச்சிருப்பீங்க. சுவரில் எங்கேயும் ஏ.சி பெட்டியே தெரியாது. சீலிங்கில் சின்னதா ஒரு கிரில் மட்டும் இருக்கும். வீட்டுக்காரர் மொபைலை எடுத்து, மாடிக்கு ஒரு டெம்பரேச்சர், ஹாலுக்கு ஒரு டெம்பரேச்சர்னு விரலால் தள்ளுவார். பனிக்காலம் வந்தா அதே ஆப்பில் ஹீட்டர். வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா குளிர்ச்சியையோ வெப்பத்தையோ கொடுக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பேர் 'ஸோனிங்'.

வில்லியனூர் பக்கம் மனை வாங்கி இப்போ அஸ்திவாரம் போட்டிருக்கீங்க, இல்லைன்னா பாகூரில் அப்பா கட்டின ஒத்தைத் தளத்துக்கு மேலே மாடி எடுக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். அந்த வீடியோவைப் பார்த்ததும், 'நம்ம வீட்டுக்கும் இதைப் போடலாமா?'னு ஒரு நிமிஷமாவது தோணியிருக்கும்.

ஹீட்டர் பாதியை முதல்லயே தூக்கி ஓரமா வெச்சுடலாம். மார்கழி விடியற்காலையிலும் நம்ம பக்கம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதுக்குப் போர்வை போதும். மிச்சம் இருக்கிறது குளிர்ச்சி. அதை ஸோன் ஸோனாகப் பிரிச்சுத் தர நம்ம ஊரிலும் தாராளமா முடியும். ஆனா, அந்த வீடியோவில் பார்த்த உருவத்தில் இல்லை. மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டிய விஷயமும் வேற. நம்ம வீட்டில் யார், எந்த நேரத்தில், எந்த அறையில் இருக்காங்க? பட்ஜெட் ஒரே ஒரு ஏ.சிக்குத்தான்னா, அது யாருக்கு?

சீலிங்குக்குள் என்ன நடக்குது?

அந்த வெளிநாட்டு வீடுகளில் ஒரே ஒரு பெரிய மெஷின்தான் இருக்கும். அதிலிருந்து தகரக் குழாய்கள் கிளை கிளையா ஒவ்வொரு அறைக்கும் போகும். குழாய் பிரியுற இடத்தில் மோட்டார் வெச்ச ஒரு மூடி. அதுக்குப் பேர் 'டாம்பர்'. நம்ம வயலில் வாய்க்கால் மடையைத் திறந்து, மூடி, தண்ணி திருப்புறோமில்ல? அதே வேலையைக் காத்துக்குச் செய்யுது. ஒவ்வொரு அறையிலும் ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். 'எனக்குப் போதும்'னு அது சொன்னதும் அந்த அறையின் மடை மூடிக்கும்.

கேட்கவே நல்லா இருக்கு. ஆனா, அங்கே பெரும்பாலும் மரச்சட்டம் கட்டி எழுப்பின வீடுகள். கூரைக்குக் கீழே பரண், தரைக்குக் கீழே பேஸ்மென்ட், சுவருக்குள்ளேயே வெற்றிடம். குழாய் ஓட இடம் இயல்பாவே கிடைக்கும். நம்ம வீடு செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். பத்தடி உயரத்தில் ஓர் அடியைக் குழாய்க்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கொடுத்துட்டா, மிச்சம் இருக்கிற ரூமில் ஃபேன் தலைக்கு மேலேயே சுத்துற மாதிரி இருக்கும். பாதி செலவு சீலிங்குக்கே போயிடும். அந்தக் குழாய் வெயில் காயுற தளத்தை ஒட்டி ஓடினா, போகிற வழியிலேயே குளிர்ச்சியில் ஒரு பங்கு காலி.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நாலு அறைக்கான மெஷின், ராத்திரி ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஓடினா, அத்தனை காத்தும் அந்த ஒரு குழாயில் முட்டும். சத்தம் வரும், மெஷின் திணறும். வேகத்தைக் குறைச்சுக்கத் தெரிஞ்ச இன்வெர்ட்டர் வகை மெஷினா இருந்தாத்தான் ஓரளவு சமாளிக்கும்.

அதனால, டவுனில் பெரிய பங்களா, ஓட்டல்னா அது வேற கணக்கு. கொம்யூனில் 1,000, 1,200 சதுர அடியில் வீடு கட்டுறவங்க டக்ட் வழியை மறந்துடலாம். ஸோனிங் ஐடியாவை மட்டும் கையில் வெச்சுக்குங்க.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன?

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலைச் சுத்தியிருக்கிற பழைய தெருக்களில் இன்னமும் சில ஓட்டு வீடுகள் மிச்சம் இருக்கு. அந்த வகை வீட்டு அமைப்பை ஸோன் கண்ணாடி போட்டுப் பாருங்க. சாயங்காலம் கடல் காத்து வந்ததும் திண்ணை. உச்சி வெயிலுக்கு நடுக்கூடம். முற்றத்தில் சூடான காத்து மேலே ஏறி வெளியேற, தாழ்வாரத்து நிழல் வழியா புதுக் காத்து உள்ளே வரும். சமையல் வெப்பம் மத்த இடத்துக்கு வராதபடி அடுப்படி பின்கட்டில். அந்த வீட்டில் குளிர்ச்சி இருக்கிற இடத்துக்கு ஆள் பாயைத் தூக்கிட்டுப் போனார். இப்போ ஆள் இருக்கிற இடத்துக்குக் குளிர்ச்சியைக் கொண்டுவரணும்னு நினைக்கிறோம். கரன்ட் பில் ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

கான்கிரீட்டில் இதைச் செய்யவே முடியாதானு கேட்டா, அதுக்கும் பதில் பாண்டியிலேயே இருக்கு. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' தங்குமிடம். ஆன்டொனின் ரேமண்ட் வடிவமைச்சு, 1930-களின் பிற்பாதியில் தொடங்கி 1940-களில் முடிஞ்ச கட்டடம். பின்னாளில் மரச்சாமான் கலைஞராக உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா அந்தக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர். இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் கட்டடங்களில் அதுவும் ஒண்ணு. அறைகளுக்கு ஏ.சி கிடையாது.

அங்கே என்ன செஞ்சிருக்காங்கன்னா, கட்டடத்தின் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். சுவர் இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை திருப்பி மூடக்கூடிய படுக்கைப் பலகைகள். வெயில் வேண்டாம், காத்து வேணும்னா ஒரு கோணம். மழை அடிச்சா முழுசா மூடிக்கலாம். அறைக் கதவுகளும் இடைவெளி விட்ட தேக்குப் பலகைகளால் ஆன நகர்த்தும் கதவுகள். தனிமையும் கெடாது, காத்தும் தடைபடாது. கூரை ரெண்டு அடுக்கு. கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைவான வார்ப்பு ஓடுகள், நடுவில் காத்து ஓடுற சந்து. ஒவ்வொருத்தரும் தன் அறைக்கான காத்தைத் தானே திருப்பி வெச்சுக்கலாம். ஆப் இல்லாத ஸோனிங்!

நீங்க கோல்கொண்டா கட்ட வேண்டாம். அங்கிருந்து எடுத்துக்க வேண்டியது ரெண்டு விஷயம். அறைகளை வடக்கு-தெற்கா வைக்கிறது ஒண்ணு. கூரைக்கு மேலே இன்னொரு நிழல் போடுறது இன்னொண்ணு.

மொட்டை மாடிதான் முதல் ஸோன்

மாடி பெட்ரூமில் ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது, தளத்தில் கை வெச்சுப் பார்த்திருக்கீங்களா? வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியும் கொதிக்கும். அஞ்சு இன்ச் கான்கிரீட், பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு, அதை மெதுவா உள்பக்கம் இறக்கும். வெளியே உச்சி வெயில் மத்தியானம்னா, உள்ளே சீலிங் அதிகமா சுடுறது சாயங்காலத்துக்கு மேலேதான். அதாவது, நீங்க தூங்கப் போற நேரத்தில்தான் உங்க தலைக்கு மேலே ஒரு பெரிய தோசைக்கல் சூடா இருக்கு.

இந்தத் தோசைக்கல்லை அப்படியே விட்டுட்டு ஏ.சி போட்டா, அது உங்களைக் குளிர வைக்கிறதுக்கு முன்னாடி கான்கிரீட்டோடு மல்லுக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் '18-ல வெச்சும் கூலிங்கே வரலை'னு வர்ற கம்ப்ளெயின்ட்டுகளில் பலதுக்கும் காரணம் மெஷின் கோளாறு கிடையாது.

செலவு குறைவான வழி, வெள்ளை. சுண்ணாம்போ, கடையில் கிடைக்கிற கூல் ரூஃப் பெயின்ட்டோ, கூல் டைல்ஸோ, வெயிலைத் திருப்பி அனுப்புற எதுவும் சரி. சுண்ணாம்பு மழையில் கரையும், வருஷா வருஷம் பங்குனிக்குள் அடிக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி தளத்தில் வெடிப்பு இருக்கானு பார்த்து அடைச்சுடுங்க. புதுசா கட்டுறவங்க தளத்துக்கு மேலே தட்டோடு பதிக்கும்போதே வெளிர் நிறமா கேளுங்க. 'லுக்கா இருக்கும்'னு மெரூன் கலர் டைல்ஸ் போடுறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

சோலார் பேனல் போடுற யோசனை இருந்தா, அது ரெட்டை லாபம். கரன்ட்டும் வரும், தளத்துக்கு நிழலும் விழும். 2024-ல் தொடங்கின பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய அரசு மானியம் அறிவிச்சாங்க. எந்த அறை மேலே நிழல் விழணும்னு யோசிச்சு பேனலை வைங்க. படியேறுற அறைக்கு மேலே நிழல் விழுந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

அடுத்தது மேற்குச் சுவர். கட்டும்போதே குளியலறை, ஸ்டோர், மாடிப்படியை எல்லாம் மேற்கில் தள்ளி, படுக்கையறைக்குக் காப்பா வெச்சுடலாம். கட்டி முடிச்ச வீட்டுக்கு வெளிப்பக்கமா பந்தல், கொடி, பச்சை வலை. உள்ளே போடுற கர்ட்டனைவிட ஜன்னலுக்கு வெளியே தொங்குற மூங்கில் தட்டி நல்லா வேலை செய்யும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துட்டா, அப்புறம் அந்தச் சூடு நம்ம வீட்டுச் சூடுதான்.

ஒரே ஒரு ஏ.சி... யாருக்கு?

நம்ம வீடுகளில் முதல் ஏ.சி எப்படி வருது? பெரும்பாலும் கல்யாணத்தோடு வருது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜோடு சீர்வரிசையில் இறங்கும். நேரா மாடியில் புது ஜோடியின் அறைக்குப் போகும். அதுவோ மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற, வீட்டிலேயே சூடான அறை. கீழே ஹாலில் ஃபேனுக்கு அடியில் ஆயா. 'எனக்கு எதுக்குடா அதெல்லாம், ஜில்லுனு இருந்தா கால் வலிக்கும்'னு அவங்களே சொல்லிடுவாங்க. விஷயம் அதோட முடிஞ்சுடும்.

ஆனா, மே மாசத்துப் புழுக்கத்தில் உயிருக்கு ஆபத்து யாருக்குன்னு பார்த்தா, வரிசையில் அவங்கதான் முன்னாடி நிப்பாங்க. வயசாக ஆக வியர்க்கிறது குறையும், தாகம் எடுக்கிறதும் குறையும். பி.பி-க்கு நீர் பிரியுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உடம்பில் தண்ணி இன்னும் சீக்கிரம் வத்தும். நம்ம பக்கம் காத்தில் ஈரம் அதிகம். ராத்திரியில் 70 சதவிகிதத்துக்கு மேல் போறது சாதாரணம். வியர்வை உலர்ந்தாத்தான் உடம்பு குளிரும். ஈரக் காத்தில் அது உலராது. பகல் வெயிலில் சூடான உடம்புக்கு ராத்திரியாவது இறங்க நேரம் வேணும். அதுவும் கிடைக்காம நாலஞ்சு ராத்திரி தொடர்ந்தா, இதயமும் சிறுநீரகமும் தாங்காது. அறை 40 டிகிரியைத் தாண்டிட்டா ஃபேனும் சூட்டைத்தான் அள்ளி வீசும். அந்த நேரத்தில் ஃபேனை நம்பாதீங்கனு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். வீட்டில் 65 வயசு தாண்டினவங்களோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ இருந்தா, முதல் ஸோன் கீழ்த்தளத்தில் கதவு மூடுற ஓர் அறை. பத்துக்குப் பத்து இருந்தாலே போதும். கீழ்த்தளம்கிறதால தலைக்கு மேலே தோசைக்கல் இல்லை. சின்ன மெஷினே தாங்கும், கரன்ட் குறைவு. ரொம்ப மோசமான பத்துப் பதினைஞ்சு ராத்திரிகளில் மொத்தக் குடும்பமும் பாயைப் போட்டு அங்கேயே படுத்துக்கலாம். கால் வலி பிரச்னைக்கு 27-ல் வெச்சு, காத்து நேரா உடம்பில் படாதபடி மடலை மேல்பக்கம் திருப்பி விட்டா ஆயாவும் ஒத்துக்குவாங்க. புது மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரா? அது அவரவர் வீட்டு விவகாரம்.

நம்ம கொம்யூன்களில் இன்னொரு கூட்டம் இருக்கு. சேதராப்பட்டு, திருபுவனை கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு, காலையில் வந்து பகலில் தூங்குறவங்க. ஊரெல்லாம் கொதிக்கிற பதினொரு மணிக்கு அவங்களுக்கு நடுராத்திரி. அந்த வீட்டில் பகல் ஸோன் ஒண்ணு கட்டாயம். வடக்குப் பக்கம், கீழ்த்தளம், தடிமனான திரை. கிழக்கு ஜன்னல் அறையை அவங்களுக்குக் கொடுத்தா, மெஷின் எவ்வளவு பெருசா இருந்தாலும் பாதி தூக்கம்தான்.

ஹாலுக்கு ஏ.சி வேணுமா? விருந்தாளி வர்றப்போ மட்டும் ஓடுற ஹால் ஏ.சி, பல வீடுகளில் தூசி படிஞ்ச ஷோகேஸ் பொருள்தான். அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவு பண்ணிட்டு, ஹாலுக்கு ரெண்டு பி.எல்.டி.சி ஃபேன் மாட்டுங்க. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் பக்கம்தான்.

கதவு இல்லாட்டி ஸோன் இல்லை

இப்போ எல்லார் பிளானிலும் ஹால், டைனிங், கிச்சன் எல்லாம் ஒண்ணா திறந்து கிடக்கு. நடுவிலேயே மாடிப்படி வேற. பார்க்க சூப்பர். ஏ.சிக்கு அது ஓட்டை பானை. குளிர்ந்த காத்து கனமானது, படி வழியா கீழே வழியும். சூடு மேலே ஏறும். மாடி ஹாலில் போட்ட ஏ.சி, கீழே நாயை ஜில்லுனு படுக்க வைக்கும்.

பிளான் இன்னும் பேப்பரில் இருந்தா இப்பவே இன்ஜினீயர்கிட்ட சொல்லுங்க. படியின் மேல் முனையில் ஒரு கதவு வைக்க இடம் விடச் சொல்லுங்க. ஏ.சி வரப்போற அறைக்கு வென்டிலேட்டர் இருந்தா, மூடித் திறக்கிற மாதிரி போடுங்க. கதவுக்கு அடியில் விரல் நுழையுற சந்து இருந்தா ரப்பர் பட்டை ஒட்டுங்க, சில நூறு ரூபாய் வேலை. அதேசமயம் மூணு நாலு பேர் அடைச்சுப் படுக்கிற அறையில், படுக்கிறதுக்கு முன்னாடியும் எழுந்ததும் பத்து நிமிஷம் கதவைத் திறந்து வைங்க. சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி வெளிக்காத்தை உள்ளே கொண்டுவராது. அதே காத்தைத்தான் திருப்பித் திருப்பிக் குளிர வைக்கும். காலையில் தலை பாரமா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஏர் கூலர் பத்திக் கேட்பீங்க. ஈரம் குறைஞ்ச ஊரில் அது நல்ல சாமான். நம்ம பக்கம் மே மாசத்து மேல்காத்து நேரத்தில், கடல் காத்து வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் வேலை செய்யும். ராத்திரியில் ஏற்கெனவே ஈரமா இருக்கிற காத்தில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து, பெட்ஷீட்டைப் பிசுபிசுன்னு ஆக்கும்.

தனித்தனியா, ஒரே அவுட்டோரா?

கடைக்குப் போனா மூணு விதமா சொல்லுவாங்க. அறைக்கு ஒரு ஸ்ப்ளிட். அல்லது ஒரே அவுட்டோர் யூனிட்டில் ரெண்டு மூணு இன்டோர் மாட்டுற மல்ட்டி ஸ்ப்ளிட். அதுக்கும் மேலே வி.ஆர்.எஃப். ஜப்பானின் டெய்கின் 1982-ல் அறிமுகப்படுத்தின தொழில்நுட்பம் இது. ஒவ்வொரு அறைக்கும் தேவையான அளவு கேஸை மட்டும் அளந்து அனுப்பும். ஆஸ்பத்திரி, ஆபீஸ் கட்டடங்களில் பார்க்கிறது பெரும்பாலும் இதுதான். டக்ட் இல்லாமலே உண்மையான ஸோனிங் தர்ற மெஷினும் இதுதான். ஆனா, மூணு பெட்ரூம் வீட்டுக்கு, யானையைக் கட்டித் தீனி போடுற கதை.

மல்ட்டி ஸ்ப்ளிட் கவர்ச்சியா இருக்கும். வெளியே ஒரே பெட்டி, இடம் மிச்சம். ஆனா அந்த ஒரு பெட்டி படுத்தா மொத்த வீடும் படுக்கும். பார்ட்ஸ் வர நாளாகும், பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக்கும் கிராமப் பக்கம் குறைவு. நாலு அறைக்கான அவுட்டோர் ஒரே ஒரு சின்ன அறைக்கு ஓடும்போது, ஓர் அளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்க முடியாம நின்னு நின்னு ஓடும். மிச்சம் பண்ணத்தானே ஸோன் பிரிச்சோம்?

அதனால, இடம் இருக்கிற கொம்யூன் வீட்டுக்குத் தனித்தனி இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்தான் என் ஓட்டு. இந்த வருஷம் ஒண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொண்ணு. ஆனா பைப், ஒயர், தண்ணி வடியுற குழாய்க்கான வழி மட்டும் எல்லா அறைக்கும் பூச்சு வேலைக்கு முன்னாடியே போட்டு வெச்சுடுங்க. பின்னாடி சுவரை உடைச்சா, பெயின்ட்டோடு மனசும் உடையும்.

'டன்' கணக்கு

டன்னு சொன்னதும் மெஷினின் எடைன்னு நினைக்கிறவங்க உண்டு. ஐஸ் கட்டி காலத்து அளவு அது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. கீழ்த்தளத்தில் 100, 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் தாராளம். அதே அறை மொட்டை மாடிக்குக் கீழே, மேற்குச் சுவரோடு இருந்தா ஒண்ணரை கேட்கும். கூரைக்கு வெள்ளை அடிச்ச காசு இங்கே திரும்பி வரும்.

'எதுக்கும் இருக்கட்டும்'னு பெருசா வாங்காதீங்க. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏ.சியை வடிவமைச்சதே, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் சுருங்கி விரியுறதைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தை எடுக்கிறதுதான் அதோட பிறவி வேலை. தேவைக்கு மேல் பெரிய மெஷின், அறையைச் சட்டுனு குளிர வெச்சுட்டு, ஈரத்தை முழுசா எடுக்கிறதுக்குள் அடங்கிடும். அறை ஜில்லுனு இருக்கும், ஆனா பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சூடு இல்லாம புழுக்கம் மட்டும் இருக்கிற ராத்திரிகளில் ரிமோட்டில் 'டிரை' பட்டனை அழுத்திப் பாருங்க. நம்ம ஊருக்காகவே வெச்ச மாதிரி இருக்கும்.

மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பான பி.இ.இ-யின் விதிப்படி, 2020 ஜனவரியிலிருந்து விற்கிற அறை ஏ.சிகள் ஆன் பண்ணினதும் 24 டிகிரியில்தான் தொடங்கணும். அதிலிருந்து ஒவ்வொரு டிகிரி ஏத்தும்போதும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சம்கிறது அவங்க கணக்கு. 26-ல் வெச்சு, ஃபேனைக் குறைஞ்ச வேகத்தில் ஓட விடுங்க, 24-ல் இருக்கிற மாதிரியேதான் தெரியும்.

ஸ்டிக்கரில் ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க. ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது இறுக்குவாங்க; பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டார் இன்றைக்கு 4-க்குச் சமமா இருக்கலாம். அதில் ஐ.எஸ்.இ.இ.ஆர்-னு ஓர் எண் இருக்கும், அது எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது. வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கிறது 1,600 மணி நேரம் ஓடினாங்கிற கணக்கு. ராத்திரி எட்டு மணி நேரம் ஆறு மாசம் போட்டா 1,440 மணி நேரம் வரும். அதனால அந்த எண் நமக்கு ஏறக்குறைய பொருந்தும்.

தோராயமா ஒரு கணக்கு போடுவோம். நல்ல இன்வெர்ட்டர் ஒரு டன், மூடின அறை, 26 டிகிரி, எட்டு மணி நேரம்: ராத்திரிக்கு 4, 5 யூனிட். மாசத்துக்கு 150-க்குள். வீடு முழுக்கக் குளிர வைக்கிற மூணு டன் டக்ட் மெஷின், சராசரியா 2 கிலோவாட் இழுத்து ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினா 24 யூனிட், மாசத்துக்கு 720. யூனிட் கூடக் கூட விலையும் ஏறுற ஸ்லாப் முறையில், கடைசி யூனிட்டுகள்தான் அதிகம் கடிக்கும். வீட்டு லோன் இ.எம்.ஐ பக்கத்தில் இன்னொரு இ.எம்.ஐ வேணுமானு நீங்களே பார்த்துக்குங்க.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்க

முதல்ல மின்துறையில் உங்க வீட்டுக்கு அனுமதிச்ச லோடு எவ்வளவுன்னு பாருங்க. ரெண்டு ஏ.சி, மோட்டார், கீசர்னு போனா லோடு கூட்ட விண்ணப்பிக்கணும். ஏ.சிக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. ஒண்ணரை டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் கேளுங்க. எர்த் சரியா இருக்கானு எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்க. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் மே மாசச் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். மெஷின் தாங்குற வோல்டேஜ் எல்லை எவ்வளவுன்னு பார்த்துட்டு, தேவைன்னா ஸ்டெபிலைசர் போடுங்க. 'இன்வெர்ட்டர் ஏ.சி'ன்னா கரன்ட் போனதும் வீட்டு பேட்டரியில் ஓடும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஓடாது, பேர்தான் ஒண்ணு.

அவுட்டோர் யூனிட் வெப்பத்தை ஊதித் தள்ளுற பெட்டி. ரெண்டு வீட்டுக்கு நடுவில் மூணடிச் சந்தில் எதிரெதிரே ரெண்டு பெட்டி வெச்சா, ஒண்ணு ஊதுற சூட்டை இன்னொண்ணு குடிக்கும். காத்தோட்டமான, மேற்கு வெயில் படாத இடம் வேணும்.

தரையில் வைக்கிறவங்க 2024-ஐ நினைச்சுக்குங்க. நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிச்சு. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்துச்சு. உங்க தெருவில் அன்றைக்குத் தண்ணி எதுவரை ஏறிச்சோ, அந்தக் கோட்டுக்கு மேலே ஒண்ணரை அடி விட்டு மாட்டுங்க. மேலே மாட்டினா காத்தும் கணக்கில் வரும். 2011 'தானே' புயல் நம்ம கரையில் என்ன செஞ்சதுன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. சுவர் ஸ்டாண்டுக்கு ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கணும். மரக்கட்டை அடிச்சு ஸ்குரு போடுறதை ஒத்துக்காதீங்க.

மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், பனித்திட்டு மாதிரி கடல் பக்கத்தில் உப்புக் காத்து அவுட்டோரைத் தின்னும். செம்பு காயில், அதுக்கு மேல் அரிப்பைத் தடுக்கிற பூச்சு இருக்கிற மாடலா பாருங்க. மாசம் ஒரு தடவை மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு நல்ல தண்ணியால் மெதுவா கழுவி விடுங்க.

மெக்கானிக் பைப் இணைச்சதும், கேஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும். அவசரத்தில் இதை விட்டுட்டு, கேஸையே கொஞ்சம் வெளியே விட்டு 'காத்து போயிடுச்சு'னு சொல்றது உண்டு. இப்போ பெரும்பாலான மெஷின்களில் வர்ற ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ், அதனால் அந்தக் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். பம்பைக் கண்ணால் பாருங்க. அதே மாதிரி 'வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்'னு யாராவது சொன்னா, எங்கே கசியுதுனு முதல்ல கேளுங்க. அது மூடின சுத்து. கசிவு இல்லாம கேஸ் குறையாது.

கடைசியா, தண்ணி வடியுற குழாய். முழு நீளத்துக்கும் சரிவு இருக்கானு ஒரு சொம்புத் தண்ணியை ஊத்திப் பார்த்துட்டு மெக்கானிக்கை அனுப்புங்க. புழுக்கமான ராத்திரியில் அதிலிருந்து ஒரு வாளித் தண்ணிகூட வரும். அதைப் பக்கத்து வீட்டுச் சுவரில் வடிய விட்டா சண்டை, உங்க வீட்டுச் செம்பருத்திக்கு விட்டா பூ.